சிடி4 100-க்குக் கீழே, தலைவலி விடவில்லை: எந்த வரிசையில் என்ன செய்வது

எச்ஐவி உள்ள ஒருவருக்குச் சிடி4 அணுக்கள் (எதிர்ப்பாற்றலைத் தாங்கும் வெள்ளணுக்கள்) ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 100-க்குக் கீழே இறங்கிவிட்டன. பத்து நாளாகத் தலைவலி. பாராசிட்டமால் போட்டால் இரண்டு மணி நேரம் தாங்குகிறது, பிறகு பழையபடி வந்துவிடுகிறது. காய்ச்சல் லேசாக இருக்கிறது, அல்லது இல்லவே இல்லை. கழுத்தும் விறைக்கவில்லை. இவரை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவது உயிரையே பறிக்கக்கூடிய தவறு. எதிர்ப்பாற்றல் இவ்வளவு குறைந்தவருக்கு மூளைக்காய்ச்சல் (மூளை உறையில் தொற்று) வந்தாலும் கழுத்து விறைக்காமலே போகலாம். விறைப்பை உண்டாக்கும் அழற்சிக்கே உடம்பில் தெம்பு இருக்காது.

சிறிய மருத்துவமனைகளில் இப்படிப்பட்டவர்களை முதலில் பார்க்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எழுதப்பட்டது இது. நோயாளியின் பக்கத்தில் இருக்கும் குடும்பத்தாரும் படிக்கலாம். என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்பது புரியும். மருந்தளவுகள் எல்லாம் பெரியவர்களுக்கானவை. கர்ப்பிணி, சிறுநீரகமோ கல்லீரலோ பழுதானவர், குழந்தை என்றால் கணக்கு மாறும்.

முதல் பத்து நிமிடம்

குழப்பமாகப் பேசுகிறார், மயக்கமாக இருக்கிறார் என்றால் வேறு எதற்கும் முன் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். மலேரியா உள்ள பகுதி என்றால் அந்தப் பரிசோதனையையும் கூடவே செய்யுங்கள். மூச்சு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல், நாடி 120 அல்லது அதற்கு மேல், காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது, துணையில்லாமல் நடக்க முடியவில்லை: இவற்றில் ஒன்று இருந்தாலே உள்நோயாளியாகச் சேர்த்துவிட வேண்டும்.

பிறகு கேள்விகள். தலைவலி எத்தனை நாளாக? வலிப்பு வந்ததா? ஒரு பக்கக் கையோ காலோ பலம் குறைந்ததா? ஏஆர்டி (எச்ஐவிக்கான கூட்டு மருந்து) எப்போது தொடங்கினார், நடுவில் நிறுத்தினாரா? தொற்றுத் தடுப்பு மாத்திரையான கோட்ரைமாக்சசோல் தினமும் போட்டாரா? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தினமும் தவறாமல் போட்டவருக்கு, மூளையில் புண் உண்டாக்கும் ஒட்டுண்ணியான டாக்சோபிளாஸ்மா வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைவு. அந்த ஒரு பதில் உங்கள் சந்தேகப் பட்டியலின் வரிசையையே மாற்றிவிடும்.

நோயாளியின் கண்ணைப் பாருங்கள். உங்கள் விரலைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது ஒரு கண் வெளிப்பக்கம் முழுதாகத் திரும்பாமல் நடுவிலேயே நின்றுவிட்டால், ‘எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரியுது’ என்று அவர் சொன்னால், மூளைக்குள் அழுத்தம் ஏறி ஆறாவது நரம்பு நசுங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். தோலையும் பாருங்கள். முகத்தில், நடுவில் குழி விழுந்த சிறு பருக்கள் இருந்தால், அது கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை தோல் வரை பரவியதன் அடையாளமாக இருக்கலாம்.

பத்து நிமிடத்தில் பதில் சொல்லும் பட்டை

கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை மூச்சோடு உள்ளே போகும், சிடி4 விழுந்ததும் ரத்தம் வழியாக மூளை உறைக்குப் போய்விடும். தலைவலி தொடங்குவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அதன் ஆன்டிஜென் (பூஞ்சையைக் காட்டிக்கொடுக்கும் பொருள்) ரத்தத்தில் தெரியும். அதனால் சிடி4 100-க்குக் கீழே உள்ள எல்லோருக்கும், தலைவலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஏஆர்டி தொடங்குவதற்கு முன் இந்த ஆன்டிஜென் பரிசோதனையைச் செய்ய வேண்டும். வசதி இருந்தால் 200-க்குக் கீழே உள்ளவர்களுக்கும் செய்யலாம்.

பரவலாகப் பயன்படும் பட்டையில் செய்முறை இதுதான்: சிறு குழாயில் நீர்ப்பி (மாதிரியை நீர்க்கச் செய்யும் திரவம்) ஒரு சொட்டு, அதோடு 40 மைக்ரோ லிட்டர் சீரம் அல்லது தண்டுவட நீர். பட்டையை அதில் நிறுத்திப் பத்து நிமிடம் காத்திருங்கள். இரண்டு கோடு வந்தால் பாசிட்டிவ். இரண்டாவது கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பாசிட்டிவ்தான். ‘லேசாத்தான் இருக்கு’ என்று ஒதுக்காதீர்கள். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. பூஞ்சை அளவுக்கு மீறி இருந்தால் கோடு மங்கிப்போகும், சில சமயம் வராமலும் போகும். சந்தேகம் பலமாக இருந்து கோடு வரவில்லை என்றால், மாதிரியை நீர்க்கச் செய்து மறுபடி பாருங்கள்.

முன்பே இந்த நோய் வந்து குணமானவருக்கு இந்தப் பட்டை உதவாது. ஆன்டிஜென் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட ரத்தத்தில் தங்கும். நோய் திரும்பிவிட்டதா என்பதைத் தண்டுவட நீரின் கல்ச்சர்தான் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) சொல்லும்.

பாசிட்டிவ் வந்த எல்லோருக்கும், தலைவலி இல்லாதவருக்கும்கூட, முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுத்துப் பார்ப்பதே சரி. மூளையில் நோய் இல்லை என்று உறுதியானால் பூஞ்சை மருந்தான ஃப்ளூகோனசோல் தினமும் 800 முதல் 1200 மி.கி. இரண்டு வாரம், பிறகு 800 மி.கி. எட்டு வாரம், அதன்பின் 200 மி.கி. என்று தொடர வேண்டும்.

முதுகில் நீர் எடுத்தல்: பரிசோதனை மட்டுமல்ல, சிகிச்சையும்கூட

‘முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும்’ என்ற பயம் பல குடும்பங்களில் இருக்கிறது. ஊசி நுழையும் இடம் தண்டுவடம் முடிந்த பிறகு, இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கு நேராக உள்ள இடைவெளி. அங்கே நரம்பு இழைகள் நீரில் மிதக்கின்றன. ஊசி பட்டால் விலகிக்கொள்ளும். இதைப் பொறுமையாகச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். இந்த நோயில் ஊசி போடாமல் விடுவதுதான் ஆபத்து.

எப்போது போடக் கூடாது? ஒரு பக்கம் செயலிழந்தவர், வலிப்பு திரும்பத் திரும்ப வருபவர் என்றால் மூளையில் கட்டி போன்ற ஒன்று இருக்கலாம்; முதலில் ஸ்கேன். ரத்தம் உறையாத கோளாறு இருந்தாலும், ஊசி போடும் இடத்தில் தோல் சீழ் பிடித்திருந்தாலும் தள்ளிப்போடுங்கள். ஆனால் ஆறாவது நரம்பு மட்டும் பலவீனமாக இருப்பது தடை ஆகாது. அது அழுத்தத்தின் அடையாளம். அந்த அழுத்தத்தைக் குறைக்கத்தான் ஊசியே.

1. நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உட்கார வைத்து அளந்தால் அழுத்தம் பொய்யாக அதிகம் காட்டும்.
2. நீர் வந்ததும் அழுத்தமானியை இணையுங்கள். இல்லையென்றால் கிருமி நீக்கிய ஐவி குழாயை ஊசியில் மாட்டிச் செங்குத்தாகப் பிடித்து, ஊசி மட்டத்திலிருந்து நீர் எவ்வளவு உயரம் ஏறி நிற்கிறது என்று அளவுகோலால் அளக்கலாம்.
3. மடக்கிய காலைக் கொஞ்சம் தளர்த்தி, மூச்சை இயல்பாக விடச் சொல்லுங்கள். நீர் மட்டம் மூச்சோடு மெல்ல ஏறி இறங்கும். அது நிலைத்த பிறகே எண்ணைக் குறியுங்கள்.
4. 25 செ.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் நீரை மெதுவாகச் சொட்டவிட்டு வெளியேற்றுங்கள். 10 மி.லி. போனதும் ஒருமுறை அளங்கள். 20 செ.மீ.க்குக் கீழே, அழுத்தம் மிக அதிகமாக இருந்தால் முதல் அளவில் பாதிக்கு, வரும் வரை எடுக்கலாம். ஒரு தடவையில் 20 முதல் 30 மி.லி. வரை தேவைப்படலாம்.

தலையைத் தூக்க முடியாமல் கண்ணை இறுக்கி மூடிக் கிடந்தவர், 20 மி.லி. இறங்கியதும் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்பதைப் படுக்கையருகில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த நீரின் அருமை தெரியும். ஆனால் அது அன்றைக்கு மட்டும். பூஞ்சை நீர் வடியும் வழியை அடைத்துக்கொண்டிருப்பதால் மறுநாள் அழுத்தம் மறுபடி ஏறும். அழுத்தம் அதிகம் இருந்தவருக்குத் தினமும் எடுக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு நாளாவது அழுத்தமும் தலைவலியும் அடங்கிய பிறகுதான் நிறுத்தலாம். முதல் நாள் அழுத்தம் சரியாக இருந்தவருக்கும் தலைவலி கூடினால் உடனே மறுபடி எடுங்கள்.

மானிட்டால், அசிட்டசோலமைட், டெக்சாமெத்தசோன் மூன்றும் இந்த அழுத்தத்துக்கு மருந்தல்ல. கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் கெடுதலே கூடியது. 2016-இல் அதன் முடிவு வெளிவந்தது. அழுத்தம் என்றதும் ஸ்டீராய்டை நோக்கிக் கை போகும் பழக்கத்தை இங்கே நிறுத்த வேண்டும்.

எடுத்த நீரில் அணுக்கள் ஏறக்குறைய சாதாரண அளவில் இருக்கலாம். ‘நார்மல்’ என்ற ரிப்போர்ட்டை நம்பிக் கைவிடாதீர்கள். எதிர்ப்பாற்றல் வற்றியவருக்கு அணுக்கள் குறைவாக இருப்பது நோய் முற்றியதன் அறிகுறி. இந்தியா இங்க் சோதனையும் (நீரில் மை கலந்து நுண்ணோக்கியில் பூஞ்சையைத் தேடுவது) ஆரம்ப நோயைத் தவறவிடும். தண்டுவட நீரிலும் அதே ஆன்டிஜென் பட்டையை வையுங்கள்.

கிரிப்டோகாக்கஸுக்கு மருந்து

2022 முதல் உலக சுகாதார நிறுவனம் முன்னிறுத்தும் முறை: லிபோசோமல் ஆம்போடெரிசின் கிலோவுக்கு 10 மி.கி. ஒரே ஒரு முறை. கூடவே 14 நாள் ஃப்ளூசைட்டோசின் கிலோவுக்கு நாளொன்றுக்கு 100 மி.கி., நான்கு வேளையாகப் பிரித்து. அதே 14 நாளும் ஃப்ளூகோனசோல் 1200 மி.கி. தினமும்.

50 கிலோ எடையுள்ளவருக்குக் கணக்குப் போட்டால், ஆம்போடெரிசின் 500 மி.கி., அதாவது 50 மி.கி. குப்பி பத்து. ஃப்ளூசைட்டோசின் ஒரு வேளைக்கு 1250 மி.கி., 500 மி.கி. மாத்திரையில் இரண்டரை, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஃப்ளூகோனசோல் 200 மி.கி. மாத்திரை ஆறு.

ஆம்போடெரிசினைக் கரைக்கும்போது நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஒவ்வொரு குப்பியிலும் ஊசிக்கான கிருமி நீக்கிய நீர் 12 மி.லி. விட்டு, முப்பது விநாடி பலமாகக் குலுக்க வேண்டும். பிறகு மருந்தோடு வரும் 5 மைக்ரான் வடிகட்டி வழியாக எடுத்து 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் சேர்க்க வேண்டும். சலைனில் சேர்த்தால் மருந்து திரிந்து படிந்துவிடும். ஐவி குழாயில் மிச்சம் இருக்கும் சலைன்கூடப் போதும் கெடுக்க. டெக்ஸ்ட்ரோஸால் குழாயைக் கழுவிவிட்டு, சுமார் இரண்டு மணி நேரத்தில் ஏற்றுங்கள்.

ஏற்றுவதற்கு முன் சிறுநீரகத்தைக் காக்க ஒரு லிட்டர் சலைனில் 20 மில்லிமோல் பொட்டாசியம் சேர்த்து இரண்டு மணி நேரத்தில் கொடுத்து, அதன்பின் குழாயைக் கழுவ வேண்டும். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகி ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தால் பொட்டாசியம் சேர்க்கக் கூடாது. மற்றவர்களுக்கு அடுத்த நாட்களில் பொட்டாசியமும் மெக்னீசியமும் மாத்திரையாகத் தொடரும். கிரியேட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின் மூன்றையும் வாரம் இருமுறையாவது பார்க்க வேண்டும். கிரியேட்டினின் ஏறினால் ஃப்ளூசைட்டோசின் உடம்பில் தேங்கி வெள்ளணுக்களை அழிக்கும். அளவைக் குறைக்காமல் விடக் கூடாது.

லிபோசோமல் கிடைக்காத இடத்தில் பழைய ஆம்போடெரிசின் கிலோவுக்கு 1 மி.கி. தினமும் ஏழு நாள், ஃப்ளூசைட்டோசினோடு. அடுத்த ஏழு நாள் ஃப்ளூகோனசோல் 1200 மி.கி. இரண்டு வாரம் முடிந்ததும் எந்த முறையில் தொடங்கியிருந்தாலும் ஃப்ளூகோனசோல் 800 மி.கி. எட்டு வாரம், பிறகு 200 மி.கி. குறைந்தது ஓராண்டு. சிடி4 200-ஐத் தாண்டி, வைரஸ் அளவு அடங்கிய பிறகுதான் நிறுத்தும் பேச்சு. தலைவலி போய்விட்டது என்று மூன்றாவது மாதத்தில் தானாக நிறுத்துபவர்கள்தான் மறுபடி ஸ்ட்ரெச்சரில் வருகிறார்கள்.

ஒரு பக்கம் விழுந்தால், வலிப்பு வந்தால்: டாக்சோபிளாஸ்மா

சில நாள் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் ஒரு கை தளர்கிறது, பேச்சு குழறுகிறது, வலிப்பு வருகிறது. ஸ்கேனில் வளையம் போல் ஒளிரும் புண்கள் பல, மூளையின் அடி முடிச்சுகளிலும் சாம்பல் வெள்ளைப் பகுதிகள் சேரும் இடத்திலும். சிடி4 100-க்குக் கீழே, கோட்ரைமாக்சசோல் போடவில்லை. இந்தப் படம் கிடைத்தால் மூளையில் சதை எடுத்துப் பார்க்கும் வரை காத்திருக்க வேண்டாம், மருந்தைத் தொடங்குங்கள். இது பெரும்பாலும் எப்போதோ வந்து உடம்பில் உறங்கிய ஒட்டுண்ணி விழித்துக்கொள்வது. அதனால் ரத்தத்தில் டாக்சோபிளாஸ்மா ஐஜிஜி (பழைய தொற்றைக் காட்டும் எதிர்ப்புப் பொருள்) இல்லை என்றால் வேறு நோயைத் தேடுங்கள். இருக்கிறது என்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. நலமாக இருக்கும் பலருக்கும் அது இருக்கும்.

எளிதில் கிடைக்கும் மருந்து கோட்ரைமாக்சசோல்தான். ட்ரைமெத்தோப்ரிம் கணக்கில் கிலோவுக்கு 5 மி.கி., தினம் இரண்டு வேளை, குறைந்தது ஆறு வாரம். 960 மி.கி. மாத்திரை ஒன்றில் ட்ரைமெத்தோப்ரிம் 160 மி.கி. இருக்கிறது, ஆகவே 50 கிலோ உள்ளவருக்கு ஒரு வேளைக்கு ஒன்றரை, 60 கிலோ உள்ளவருக்கு இரண்டு. தடுப்புக்குக் கொடுக்கும் தினம் ஒரு மாத்திரையையே சிகிச்சைக்கும் எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அந்த அளவில் புண் கரையாது. இவ்வளவு அதிக அளவில் பொட்டாசியம் ஏறலாம். ஆம்போடெரிசின் பொட்டாசியத்தை இறக்கும், இது ஏற்றும். இரண்டிலும் ரத்தம் பார்த்தே தீர வேண்டும். பைரிமெத்தமின், சல்ஃபாடயசின் இணை கிடைத்தால் அதுவும் நல்லது. ஆனால் கூட ஃபோலினிக் அமிலம் தினம் 10 முதல் 25 மி.கி. கட்டாயம். சத்து மாத்திரையான ஃபோலிக் அமிலம் அதற்கு ஈடாகாது.

சேர்த்த அன்றே கை, கால் பலத்தைக் குறித்து வையுங்கள். தினமும் அதே ஆள் அதே முறையில் சோதிப்பது நல்லது. சரியான நோய் என்றால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள் முன்னேற்றம் தெரியும், ஸ்கேனிலும் புண் சிறுக்கும். 14 நாளாகியும் அசைவில்லை என்றால் கண்டுபிடித்த நோயைச் சந்தேகியுங்கள். ஒரே ஒரு புண், 4 செ.மீ.க்கு மேல், மூளை அறைகளை ஒட்டி இருக்கிறது, சிடி4 50-க்குக் கீழே என்றால் மூளை லிம்ஃபோமா என்ற புற்றுநோய் முன்னுக்கு வரும். தண்டுவட நீரைப் பாதுகாப்பாக எடுக்க முடிந்தால் அதில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் பிசிஆர் உதவும். ஸ்டீராய்டை மூளை தள்ளப்படும் ஆபத்து இருக்கும்போது மட்டும், குறுகிய நாட்களுக்குக் கொடுங்கள். லிம்ஃபோமாவும் ஸ்டீராய்டில் சுருங்கும். மருந்து வேலை செய்ததா, ஸ்டீராய்டு ஏமாற்றியதா என்று பிறகு பிரித்துப் பார்க்க முடியாது.

டிபி மூளைக்காய்ச்சலும் மற்றவையும்

டிபி எந்தச் சிடி4 அளவிலும் வரும். நீரில் லிம்ஃபோசைட் அதிகம், புரதம் அதிகம், சர்க்கரை குறைவு. டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் அல்ட்ரா சோதனைக்கு அனுப்பும்போது இரண்டு சொட்டு போதாது. முடிந்தால் 6 முதல் 10 மி.லி. அனுப்பி, அதைச் சுழற்றிப் படிவத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். நெகட்டிவ் வந்தாலும் டிபி இல்லை என்று ஆகாது. சந்தேகம் பலமாக இருந்தால் மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். இங்கே ஒரு நாள் தாமதமும் மூளையைத் தின்னும். நான்கு மருந்து இரண்டு மாதம், ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் பத்து மாதம். டெக்சாமெத்தசோன் வழக்கமாகச் சேர்க்கப்படுகிறது. ஆனால் எச்ஐவி உள்ளவர்களிடம் அதன் பலன் ஆய்வுகளில் உறுதிப்படவில்லை. கிரிப்டோகாக்கஸ் இல்லை என்று பட்டை சொல்லிய பிறகே அதைத் தொடுங்கள்.

காய்ச்சலே இல்லாமல் வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கை பலம், பார்வை, பேச்சு போகிறது. ஸ்கேனில் வெள்ளைப் பகுதி மட்டும் பாதிப்பு, வீக்கம் இல்லை என்றால் ஜேசி வைரஸ். அதற்குத் தனி மருந்து கிடையாது, ஏஆர்டிதான் சிகிச்சை, தள்ளிப்போடாமல் தொடங்குங்கள். சிடி4 50-க்குக் கீழே, பார்வையும் மங்குகிறது என்றால் சைட்டோமெகலோ வைரஸைத் தேடிக் கண்ணின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். சிஃபிலிஸ் பரிசோதனையை எல்லோருக்கும் செய்துவிடுங்கள். குணமாகும் நோயைத் தவறவிடக் கூடாது.

ஏஆர்டியை எப்போது தொடங்குவது

சீக்கிரம் தொடங்குவது நல்லது என்ற பொது விதி இங்கே இரண்டு நோய்களில் தலைகீழாகிறது. கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலில் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கியவர்கள், ஐந்து வாரம் பொறுத்தவர்களைவிட அதிகமாக இறந்தார்கள்: 2014-இல் வெளிவந்த ஆய்வில் 26 வாரத்தில் முன்னவர்களில் 45 சதவீதம், பின்னவர்களில் 30 சதவீதம். திரும்பி வரும் எதிர்ப்பாற்றல் மூளைக்குள் கிடக்கும் பூஞ்சை மீது பாய்வதும் மூளை வீங்குவதும்தான் இங்கே உள்ள அச்சம். ஆகவே 4 முதல் 6 வாரம் பொறுங்கள். டிபி மூளைக்காய்ச்சலில் 4 முதல் 8 வாரம். டாக்சோபிளாஸ்மாவில் இரண்டு வாரத்தில் தொடங்கலாம்.

காத்திருக்கும் காலத்தைக் குடும்பத்துக்கு விளக்க மறக்காதீர்கள். ‘மருந்து தரவில்லை’ என்று கோபித்துக்கொண்டு வேறிடம் போய், அங்கே அன்றே ஏஆர்டி தொடங்கிவிட்டால் எல்லாம் வீணாகும். ஏன் பொறுக்கிறோம், எந்தத் தேதியில் தொடங்குவோம் என்று அட்டையில் எழுதிக் கொடுங்கள்.

மருந்துகள் ஒன்றோடொன்று மோதும் இடங்களையும் கவனியுங்கள். வலிப்புக்கு ஃபெனிட்டாயினோ கார்பமசெபினோ கொடுத்தால் ஏஆர்டி மருந்தான டோலுடெக்ரவிரின் அளவு ரத்தத்தில் இறங்கிவிடும், லெவிடிராசிட்டம் பாதுகாப்பானது. ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு டோலுடெக்ரவிர் 50 மி.கி. தினம் இரு வேளையாக வேண்டும். அதே ரிஃபாம்பிசின் ஃப்ளூகோனசோலையும் குறைக்கும். அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். கர்ப்பம் தரித்திருக்கக்கூடிய பெண்ணுக்கு ஃப்ளூகோனசோலுக்கு முன் பரிசோதனை செய்து, அபாயத்தைச் சொல்லி முடிவெடுங்கள்.

வீட்டுக்குப் போகும்போது

மயக்கம் முழுதாகத் தெளியாதவருக்குப் படுத்த நிலையில் எதையும் ஊட்டக் கூடாது. முதுகை நிமிர்த்தி உட்கார வைத்து, விழுங்கிவிட்டாரா என்று பார்த்து அடுத்த வாய். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள்.

ஏஆர்டி தொடங்கிய சில வாரம் முதல் சில மாதத்துக்குள் தலைவலியோ காய்ச்சலோ வலிப்போ திரும்பினால் எந்த மருந்தையும் வீட்டில் நிறுத்தாமல் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். எதிர்ப்பாற்றல் மீள்வதால் வந்த அழற்சியா, மருந்து விட்டுப்போனதால் நோய் திரும்பியதா, புதிய நோயா என்பதைப் பிரிக்க மறுபடி முதுகில் நீர் எடுத்து அழுத்தம் பார்த்து, கல்ச்சர் வைக்க வேண்டியிருக்கும். வரும்போது மாத்திரைப் பட்டைகளையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். மீதி மாத்திரையை எண்ணினாலே பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

டாக்சோபிளாஸ்மா சிகிச்சை ஆறு வாரம் முடிந்ததும் கோட்ரைமாக்சசோல் 960 மி.கி. தினம் இரு வேளை தொடரும். ஏஆர்டியோடு சிடி4 200-க்கு மேல் ஆறு மாதம் நின்ற பிறகு நிறுத்துவதைப் பற்றி யோசிக்கலாம். மற்றவர்களுக்குத் தடுப்பாகத் தினம் ஒன்று. உடம்பில் தடிப்பு வந்தால் தாங்களாக நிறுத்தாமல் காட்டச் சொல்லுங்கள். லேசான தடிப்பை மருத்துவரின் பார்வையில் வைத்தே சமாளித்துவிடலாம். வாய்ப்புண்ணோடு தோல் உரியத் தொடங்கினால் உடனே நிறுத்திவிட்டு வர வேண்டும்; அந்த மருந்தை அவருக்கு இனி எப்போதும் கொடுக்கக் கூடாது என்று அட்டையில் சிவப்பு மையில் எழுதுங்கள்.